மேலே பலகை, கீழே பட்டை

என் அண்ணி வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். நாத்தனார் நான் சொல்கிறேன், நம்பலாம். அப்படிப்பட்டவள் ஒரு ஜன்னல் கதவுக்காகத் தச்சர் முன்னால் கைகூப்பி நின்றாள்.

அண்ணன் இரவு பஸ் ஓட்டுகிறவன். பகலில்தான் தூங்க வேண்டும். அந்தத் தூக்கம்தான் கொஞ்ச நாளாக அரைகுறையாகிவிட்டது. போன வாரம் ஓட்டும்போதே கண் சொருகி, பஸ் பாலத்துத் தடுப்புச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிறைய ஜனம்டி. யாரோட பாவத்தைக் கட்டிக்கப் போறோமோ" என்று புலம்புவாள்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலடியில் அண்ணியின் தையல் மெஷின், எதிர்ச் சுவரோரம் கட்டில். அவளுக்கு வெளிச்சம் வேண்டும், அவனுக்கு இருட்டு வேண்டும். ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தைத்துப் பார்த்தாள். ஊசி விரலில் ஏறிவிட்டது.

தச்சர் ஜன்னலுக்கு உள்பக்கம் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி மரக்கதவு போடலாம் என்றார். "கீழ முழுப் பலகை, மேல சாய்வுப் பட்டை. தெருவுல போறவன் எட்டிப் பாக்க மாட்டான், வெளிச்சமும் வரும். எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா."

எல்லா வீட்டிலும் பகலில் ஆள் படுத்திருப்பதில்லை என்பது எங்கள் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. மாட்டிய அன்றே மேல் பட்டைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக அண்ணன் முகத்தில் விழுந்தது. மெஷின் மேலோ ஒரே இருட்டு.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "மேல வர்ற வெளிச்சம் தூரமாப் போய் விழும்னுகூடத் தெரியலையே எனக்கு! ஸ்க்ரூ டிரைவரை எடு."

இரண்டு ஜோடியும் ஒரே அளவு. கழற்றிப் பலகையை மேலேயும் பட்டையைக் கீழேயும் மாட்டினோம். தெருவில் போன ஒருவன் குனிந்து எட்டிப் பார்த்தான். "பாக்கட்டும், கழுத்து வலிச்சா தானாப் போவான்" என்றாள். மெஷின் மேல் வெளிச்சம், கட்டிலில் கும்மிருட்டு. கச்சிதமாக அமைந்துவிட்டது.

அண்ணன் புரண்டுகொண்டே இருந்தான். கடைசியில் அந்த இருட்டிலிருந்து அவன் அழுகிற சத்தம் வந்தது.

"கதவுல ஒண்ணும் இல்லடி. கண்ணை மூடினா அந்தச் சுவர்தான் வருது. இருட்டுல இன்னும் கிட்ட வருது. சாயங்காலம் மறுபடி ஏறணுமேன்னு நெனச்சாலே பயமா இருக்குடி."

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "டிப்போவுக்குப் போ. உங்கண்ணன் இனிமே வண்டி எடுக்க மாட்டாருன்னு சொல்லிட்டு வா."

"வேலை போயிடுமே அண்ணி?"

"போனா மசுருதான். எனக்கு ஆளு வேணும்டி. போ."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அறை பளீரென்று இருந்தது. மேலும் கீழும் எல்லாக் கதவையும் அவளே திறந்துவிட்டிருந்தாள். முகத்தில் நேராக வெயில் விழ, அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் பதறிப்போய்க் கதவைச் சாத்தப் போனேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று கிசுகிசுத்தாள். "இந்த மனுஷன் தூங்குற முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"