கண்ணாடி ஓடு வழியே வந்த வெயில்

விழித்திரை நோய்க்காக என் கையில் மருந்து ஏற்றி, கண்ணில் லேசர் ஒளி பாய்ச்சினார்கள். மருந்து உடம்பைவிட்டு நீங்கும்வரை, சில நாட்கள், என் மேல் வெயில் படக்கூடாது என்றார் டாக்டர். கோட்டைப்பட்டினம் திரும்பியதும் எங்கள் ஓட்டு வீட்டைவிட்டு நான் வெளியே வரவில்லை.

மறுநாள் மதியம் கண்ணயர்ந்தேன். கனவில், படகோரம் சாய்ந்தபடி வெதுவெதுப்பான கடலைக் கையால் அளைந்துகொண்டே போகிறேன். நீர் மெல்ல மெல்லச் சுட்டது. விழித்தால், கூரையின் கண்ணாடி ஓடு வழியே இறங்கிய வெயில் என் கைமேல் கிடந்தது. சிவந்து எரிந்த கை, சாயங்காலம் கொப்பளித்துவிட்டது.

"வீட்டுக்குள்ளதானேங்க இருந்தேன்" என்றேன் கணவரிடம்.

"வெயிலும் வீட்டுக்குள்ளதான இருந்துச்சு" என்றவர், என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

புண் ஆறியது. அடுத்த சிகிச்சைக்குக் கிளம்பும் முன்பே அந்த ஓட்டின்மேல் சாக்கைப் போட்டு மூடச் சொன்னேன். திரும்பி வந்து நிழலில் நன்றாகத் தூங்கினேன். கடல்தான் வரவில்லை.