அக்கா வேதம் வாசிக்கப் பழகிய கதை

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு திருத்தத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடக்க ஆராதனையில் மூன்று பேர் பேசினார்கள். அக்கா சிறுவயது முதல் ஒருநாளும் தவறாமல் வேதம் வாசித்தவர் என்று மூவருமே சொன்னார்கள். நல்ல மனிதர்கள், அன்பினால் சொன்னார்கள். ஆனால் அது உண்மையில்லை. அக்காவின் காதில் விழுந்திருந்தால் பெட்டிக்குள்ளிருந்து எழும்பித் திருத்தியிருப்பார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். பிழையான விடையைக் கரும்பலகையில் விட்டுவிட்டு வகுப்பை விட்டுப் போக அவருக்குத் தெரியாது.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத எனக்கு உரிமையும் இருக்கிறது. அக்காவின் வேத வாசிப்பினால் இந்த உலகத்தில் அதிகம் தொல்லைப்பட்டவள் நான்தான்.

அக்கா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அம்மா வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பெண்கள், எனக்கும் அக்காவுக்கும் ஐந்து வயது வித்தியாசம். தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு போனபோது இரத்மலானை முகாமில் ஈரச் சீமெந்துத் தரையில் என்னை மடியில் படுக்க வைத்துக்கொண்டு இருந்தவர் அவர். அப்பா அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை. படிப்பித்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்து, எனக்குக் கல்யாணம் செய்து வைத்து, தான் தனியாகவே இருந்துவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்புக்கு வந்து என்னோடும் என் கணவரோடும் தங்கினார்.

அக்காவுக்கு அபார ஞாபகசக்தி. ஓய்வுநாள் பாடசாலையில் வேதத்தை அதிகாரம் அதிகாரமாகப் பாடமாக்கிப் பரிசு வாங்குவார். நான் இரண்டாவது வசனத்திலேயே தடுமாறி நிற்பேன். அந்த ஞாபகசக்தியே அவருக்கு வினையாயிற்று என்று இப்போது நினைக்கிறேன். எல்லாம் தலைக்குள் இருந்ததால் புத்தகத்தைத் திறக்கும் தேவை வரவில்லை. சபையில் பெண்கள் கூட்டத்தை இருபது வருடத்துக்கு மேல் நடத்தினார். சனிக்கிழமை பின்னேரம், மரக்கறி வெட்டிக்கொண்டே மனதுக்குள் ஒரு பேச்சைத் தயாரிப்பார். அடுத்த நாள் அதைக் கேட்டுப் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அதற்குமேல் கிழமை முழுவதும் வேதாகமம் அவருடைய அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் என்னுடையது அதைவிட உயரமான தட்டில் இருந்தது.

சுகந்தி என்று எங்கள் சபையில் ஒரு பெண். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவருடைய கணவர் பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு ஆகிவிட்டார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து படியில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சரக்கா, நான் வேதம் வாசிக்க வெளிக்கிட்டா ஒண்டும் மண்டைக்குள்ள போகுதில்லை. நீங்க காலமையில எப்பிடி வாசிப்பீங்க? அதைச் சொல்லித் தாங்கோ, நானும் அப்பிடியே செய்யிறன்.”

அக்கா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பி, முகம் கழுவி, அரை மணித்தியாலம் ஜெபித்து, மூன்று அதிகாரம் வாசித்து, ஒன்றைத் தியானித்து என்று அழகாகச் சொன்னார். சுகந்தி அதைத் துண்டு ஒன்றில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நான் நின்றேன். அக்கா ஆறரைக்கு முன்னர் எழும்பி நான் கண்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து சுகந்தி அதே படியில் வந்து நின்றார். “நீங்க சொன்ன மாதிரிச் செய்து பாத்தன் அக்கா. அஞ்சு மணிக்குத்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைச்சு, படுக்கை விரிப்பு மாத்த வேணும். ஏலாமப் போச்சு. எனக்கு விசுவாசம் காணாது போல. என்னில தான் பிழை.” சொல்லிவிட்டுப் போனவர் அதன்பிறகு ஆலயத்துக்கு வரவில்லை.

அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “நான் அவளுக்குப் பொய் சொல்லிப்போட்டன்” என்றார்.

“நல்லதுக்குத்தானே சொன்னீங்க.”

“ஒரு நாளும் செய்யாத ஒண்டைச் செய்யிறனெண்டு சொல்லி, அந்தப் பிள்ளைய அழ வைச்சிருக்கிறன். இதில என்னடி நல்லது?”

மறுநாளே அக்கா வாசிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டின் நிம்மதியும் அன்றோடு போயிற்று.

சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். காலை ஐந்து மணிக்கு அலாரம். அது அக்காவைத் தவிர எங்கள் எல்லோரையும் எழுப்பியது. என் கணவர் எழும்பிப் போய் அதை நிறுத்திவிட்டு, திரும்பித் தூக்கம் வராமல் பல்கனியில் இருப்பார். ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணை ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். நான்கு நாள் தவறினால், ஐந்தாம் நாள் பன்னிரண்டு அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்து ஈடு செய்யப் பார்ப்பார். அன்று அவரோடு கதைக்க ஏலாது. குழம்புக்கு உப்புக் காணாது என்பார், கதவை ஏன் அடித்துச் சாத்துகிறாய் என்பார். “வேதம் வாசிக்கிற மனிசி இப்பிடியா கத்துறது?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு போனில் ஒரு செயலி. அது மணியடிக்கும், போனைக் கையில் எடுப்பார், கனடாவிலிருந்து யாரோ அனுப்பிய தங்கள் பேரப்பிள்ளையின் படம் வந்திருக்கும், அதோடு அரைமணி போய்விடும். பிறகு நான்கு நிறத்தில் ஹைலைட்டர் வாங்கினார். வாக்குத்தத்தத்துக்கு மஞ்சள், கட்டளைக்குப் பச்சை என்று கோடு இழுத்து இழுத்து, இரண்டு கிழமையில் பக்கமெல்லாம் கொடி ஏற்றிய தெரு மாதிரி ஆகிவிட்டது. வாசித்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது ஊருக்கே சொல்லுவார். நிறுத்தும்போது என்மேல் எரிந்து விழுவார். இப்படியே ஒன்றரை வருடம்.

ஒருநாள் நான் பொறுமையிழந்து, “அக்கா, உங்கட வகுப்பில மொக்குப் பிள்ளை ஒண்டு இப்பிடி வந்து நிண்டா என்ன செய்வீங்க? முழுப் புத்தகத்தையும் ஒரு வருசத்தில முடி எண்டு சொல்லுவீங்களா?” என்று கத்தினேன். கோபத்தில் கேட்டதுதான். அறிவுரை சொல்லும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை.

“இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கணக்குக் குடுப்பன். ஆனா செய்த வழியும் எழுத வேணும் எண்டு சொல்லுவன்” என்றார்.

அடுத்த நாள் அட்டவணையைக் கிழித்தார். காலை ஐந்து மணியை விட்டார். காலைச் சாப்பாடு முடிந்து, என் கணவர் வெளியே போனபின், குசினி மேசையில் இருந்து மாற்கு சுவிசேஷத்தில் எட்டுப் பத்து வரி வாசிப்பார். போன் அறைக்குள் இருக்கும். ஒரு சாதாரணக் கொப்பியில் மூன்று விடயம் எழுதுவார்: இதில் என்ன நடக்கிறது, எனக்கு எது விளங்கவில்லை, இன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும். இருபது நிமிடம். ஒருநாள் தவறினால் ஈடு செய்வதில்லை; விட்ட இடத்திலிருந்து அடுத்த நாள். இந்தக் கடைசி விதிதான் அவரைக் காப்பாற்றியது என்று பிற்பாடு அடிக்கடி சொல்லுவார். நான்கு நாள் விட்டாலும் ஐந்தாம் நாள் பயமில்லாமல் வந்து இருக்கலாம் அல்லவா.

எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. அந்த மேசையில்தான் நான் மரக்கறி வெட்ட வேண்டும். தேங்காய்ப் பாலைப் பிழிந்துகொண்டு நிற்பேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நியாயம் கேட்பார்.

“இந்த மாற்கு எல்லாத்தையும் உடனே, உடனே எண்டு எழுதி வைச்சிருக்கிறார். எனக்கு ஒண்டும் உடனே நடக்குதில்லையே. ஏனடி?”

“எனக்கென்ன தெரியும்? கையை எடுங்கோ, பால் சிந்தப் போகுது.”

தவறிய நாட்களும் சேர்ந்து, மாற்கு ஒன்றுக்கு மட்டும் ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்தார். எத்தனையோ நாள் கொப்பியில் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே விடை இருக்கும்: ஒன்றும் விளங்கவில்லை.

மாற்கு முடிந்த கிழமை, “வா, சுகந்தியிட்டப் போவம்” என்றார். ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். சுகந்தி கணவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். அக்கா கதிரையில் இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னார்.

“பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பொய். நான் அஞ்சு மணிக்கு எழும்பினதும் இல்லை, வாசிச்சதும் இல்லை. உன்னில ஒரு பிழையும் இல்லை.”

சுகந்தி கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். “மூண்டு வருசமாகப் போகுது அக்கா, நான் என்னைக் கெட்டவள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். இப்ப வந்து சொல்லுறீங்க.” பிறகு, “அவருக்குச் சாப்பாடு குடுக்க வேணும், நீங்க போங்கோ” என்றார். நாங்கள் இறங்கி வந்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த பெண்கள் கூட்டத்தில் எழும்பி நின்று அத்தனை பேருக்கும் முன்னால் அதையே சொன்னார். இருபது வருடம் உங்களுக்குப் போதித்தேன், தனியாக இருந்து வாசித்ததில்லை, இப்போதுதான் பழகுகிறேன், பொறுப்பை வேறொருவர் எடுக்கட்டும் என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து அழுது சண்டை பிடித்தேன். மெல்பேணில் இருக்கும் எங்கள் மச்சாள் ஒருத்தி போன் எடுத்து, “அக்காவுக்கு மறதி வருத்தம் ஏதும் தொடங்கிட்டுதோ?” என்று கேட்டார். போதகர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், இதை இப்பிடிப் பகிரங்கமாச் சொல்ல வேணுமா?”

“பொய்யைப் பகிரங்கமாத்தானே ஐயா சொன்னனான்” என்று அக்கா சொல்லி, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

ஐயா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தனக்கும் சில மாதங்களாக அப்படித்தான் போகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து சுகந்தியின் அழைப்பு வந்தது. “இப்ப எப்பிடி வாசிக்கிறீங்க? உண்மையச் சொல்லுங்கோ” என்று கேட்டாராம். அன்றிலிருந்து பின்னேரம் ஆறு மணிக்கு இருவரும் கதைப்பார்கள். வாசித்தீர்களா, இல்லை, நானும் இல்லை, சரி நாளைக்கு. சில நாள் அவ்வளவுதான் கதை. இதற்கு எதற்கு ஒரு அழைப்பு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் “இல்லை” என்று சொல்லும் நாட்கள் குறைந்துகொண்டு போனதை, குசினியில் நின்ற என் காது கணக்கெடுத்தது. சுகந்தி கணவரைக் குளிக்க வைத்தபின் கட்டிலோரத்தில் இருந்து வாசித்தார். ஆலயத்துக்கும் திரும்ப வந்தார்.

இப்படி ஐந்து வருடம். பிறகு அக்காவின் குடலில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். பொரளையில் சத்திரசிகிச்சை, அதன்பின் மருந்து, வாந்தி, மெலிவு. கையில் புத்தகம் நிற்காதபோது சுகந்தி வந்து வாசித்தார். நாலு வரிக்கு மேல் போனால் அக்கா கையை உயர்த்துவார், அன்றைக்கு அது போதும். ஒருநாள் வேண்டாம் என்றார். “இண்டைக்கு எனக்கு ஆண்டவரோட கோபம். கோபத்தில வாசிச்சா எல்லாச் சொல்லும் குத்தும். நாளைக்குப் பாப்பம்.” நான் பயந்துபோய், இப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்றேன். சுகந்தி புத்தகத்தை மூடி, அக்காவின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அக்காவே கேட்டு வாசிக்க வைத்தார்.

முழு வேதாகமத்தையும் அக்கா வாசித்து முடிக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். மாற்கு, லூக்கா, ரூத், யாக்கோபு, சங்கீதத்தில் பாதி. லேவியராகமம் கடைசிவரை முடியவில்லை.

போவதற்கு நான்கு நாளைக்கு முன்னர், ஆஸ்பத்திரியில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டார்: “நீ வாசிக்கிறனியோ எண்டு நான் உன்னை ஒருநாளும் கேக்கேல்லை. கவனிச்சியா?”

“ஓம். ஏன் கேக்கேல்லை?”

“நீ பொய் சொல்லுவாய். நானும் நீயும் ஒரே வயித்தில பிறந்த ஆக்கள்தானே.” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அதற்குள் தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். நாங்கள் இருவரும் தெளிவாகப் பேசிக்கொண்டது அதுவே கடைசி.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் குடியிருப்பில் இரவு பகல் பாராது உதவிய அயலவர்களுக்கும், மரணச் செய்தி கேட்டு முதல் ஆளாகச் சாப்பாடு கொண்டுவந்த கீழ்மாடி முஸ்லிம் குடும்பத்தினருக்கும், கனத்தை மயானம்வரை வந்த அவருடைய பழைய மாணவிகளுக்கும், போதகர் ஐயாவுக்கும், ஐந்து மணி அலாரத்தை முணுமுணுக்காமல் நிறுத்திய என் கணவருக்கும் எங்கள் நன்றிகள். சுகந்திக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபிப்பார், ஆனாலும் எழுதுகிறேன்.

இவ்வளவு எழுதியவள், அக்கா கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லாமல் விடக்கூடாது. உங்கள் எல்லோருக்கும் முன்னால், அச்சில், என் அக்காவுக்குச் சொல்கிறேன்: இல்லை அக்கா. இதுவரைக்கும் நான் வாசிக்கவில்லை.

அன்புத் தங்கை,
வெள்ளவத்தை