ஏலக்காய் ஸ்டோருக்குப் போன ஆன்டிபாடி

என் தங்கை போடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிட்னி செல்களை வளர்க்கிறாள். ஏலச்செடிக்கு நாங்கள் அடிக்கும் பூச்சிமருந்தை அவற்றுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, எந்த அளவில் காயமாகிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. நான் ஏலக்காய் வியாபாரி. எனக்கு எதிரான சாட்சியை நானே ஃபீஸ் கட்டித் தயார் செய்திருக்கிறேன்.

காயம்பட்ட செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று உண்டு. மைக்ராஸ்கோப்பில் அந்த இடம் பச்சையாக மின்னும். அவளுடைய கடைசிச் சோதனையே அதை நம்பித்தான் நின்றது. மாதக்கணக்கில் அவள் காத்திருந்த அந்த ஆன்டிபாடிக் குப்பி ஒரு சனிக்கிழமை கூரியரில் வந்தபோது அவள் மதுரையில் இருந்தாள்.

"அண்ணே, ஃபிரிட்ஜில வை. ஃப்ரீசர்ல வச்சிராத."

அன்று போடியில் பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்க கரண்ட் இல்லை. இந்த மாதிரி நாட்களில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். போடிமெட்டைத் தாண்டிவிட்டால் கேரளா கரண்ட். அங்கே எங்கள் எஸ்டேட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. உர லோடு ஏற்றிப்போன ஜீப்பில், குப்பி வந்த ஐஸ் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டேன்.

மாலையில், அனல் மூட்டி ஏலக்காய் காயவைக்கும் எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்தேன்.

"பெட்டி வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு மொதலாளி. ஒரே ஈரம். பூசணம் பிடிச்சிரும்ல? பிரிச்சு ஸ்டோருக்குள்ள தட்டுல வச்சிட்டேன். நல்லாக் காஞ்சிருச்சு."

ஈரத்தைக் கண்டால் மலையில் எவரும் அதைத்தான் செய்வார்கள். தங்கையிடம் சொன்னேன்.

"ஏன்ணே, கலர் பாத்துத் தரம் பிரிக்கலையா?"

குப்பி மலையிலிருந்து திரும்பியபின், திங்கட்கிழமை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள். வேண்டுமென்றே காயப்படுத்திய செல்கள் திரையில் தெரிந்தன.

"மின்னுதே தாயி!"

"இது பழைய குப்பியில மிச்சமிருந்த சொட்டு. இப்ப ஒன்னோடதப் பாரு."

லோ வோல்டேஜில் எரியும் பல்பு மாதிரி இருந்தது.

"மங்கலாத் தெரிஞ்சா, காயம் கம்மியா, இல்ல ஆன்டிபாடி கெட்டுப்போச்சான்னு நான் எப்படிச் சொல்றது?"

"காயம் கம்மின்னே எழுதிரு. எங்க பொழப்பும் ஓடும்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். பிறகு அந்தக் குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டாள்.

"புதுசு வரணும். இந்த வருசம் முடிக்க முடியாதுண்ணே."

"நான் வேணா ஒங்க கைடுகிட்டப் பேசட்டுமா?"

"நீ ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும்."

புதுக் குப்பி இன்னும் வரவில்லை. அதுவரை அவள் சொன்ன வேலையைத் தவறாமல் செய்துவருகிறேன்.