ஒரு குழலில் இரண்டு குண்டு

யாராவது "இப்டி குடு, நான் பண்ணித் தர்றேன்" என்று கை நீட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறவிக்குணம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துக்கொண்ட குணம். நாங்கள் பிழைக்க வந்த மராத்தி ஊரில், ஆளந்தி ரோட்டைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரியில் பத்து நல்ல மனிதர்கள் கூடி என்னை இப்படி ஆக்கினார்கள்.

அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே பைத்தியம். இந்தக் காலத்துத் துப்பாக்கி அவர்களுக்கு ஆகாது. தோட்டாவைச் செருகினோம், விசையை அழுத்தினோம், முடிந்தது என்று போவதில் என்ன இருக்கிறது என்பார்கள். எங்களுடையது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய காலத்துத் துப்பாக்கி. குழலை நிமிர்த்தி நிறுத்தி, அளந்த கருமருந்தை அதன் வாயில் கொட்ட வேண்டும். எண்ணெய் தடவிய துணித்துண்டின் மேல் ஈயக்குண்டை வைத்து, நீளமான கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். சுடும் இடத்துக்கு வந்த பிறகுதான் பின்பக்கத்து முளையில் சின்னதாக ஒரு செம்புத் தொப்பியை மாட்டுவோம். அதற்குப் பெயர் கேப். சுத்தி அதன் மேல் விழுந்தால்தான் மருந்துக்கு நெருப்பு போகும். ஒரு வேட்டுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. வெடித்ததும் வெள்ளைப் புகை எதிரே இருப்பதையெல்லாம் மறைக்கும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்துக்காக ஆறு நாள் காத்துக்கிடப்போம். தேர்தல் வந்து துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டால், அந்த ஞாயிறுகளிலும் வெறுங்கையோடு குவாரிக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன்.

என் துப்பாக்கி முதலில் என் கணவருடையது. ஆர்டினன்ஸ் பாக்டரியில் வேலை பார்த்தவர். கல்யாணமான மறுவருடத்திலிருந்து என்னையும் குவாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினெட்டு வருடம் போனோம். அவர் மருந்து போட்டு, குண்டு தள்ளி, கேப் மாட்டி, என் தோளில் பொருத்திக் கொடுத்து "ம், சுடு" என்பார். சுடுவேன். குறி விழுந்தால் கை தட்டுவார். பெண்டாட்டியை எவ்வளவு சுதந்திரமாக வைத்திருக்கிறார் பார் என்று விஷ்ராந்த்வாடியில் எங்கள் பில்டிங் முழுக்கப் பேச்சு. நானும் அதைக் கேட்டுப் பூரித்துப்போய்க் கிடந்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு நாளாவது அந்தக் கம்பியை என் கையில் கொடுத்தாரா? கேட்டால், "உனக்கெதுக்கு, கை கருப்பாயிடும்" என்று சிரிப்பார்.

நான் போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். நாளெல்லாம் கிரீஸிலும் ஆயிலிலும் ஊறுகிற கை இது. தலைமயிர் கனத்துக்கு அளவு தவறினாலும் லாட்டையே திருப்பி அனுப்புகிற கை. மருந்து அளக்கத் தெரியாது என்று எப்படி முடிவு கட்டினார்? கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குள் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரிடம் சண்டை போட முடியாது. ஆனாலும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

துப்பாக்கியை ஒப்படைத்துவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வாரிசு என்ற முறையில் லைசன்ஸை என் பெயருக்கு மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவள். அந்த அலைச்சலில் ஒரு நாள்கூட என்னைத் தனியாக விடவில்லை அந்தக் குவாரிக்கூட்டம். வானவடியில் இருக்கும் ரிட்டயர்டு சுபேதார், வேலூர்க்காரர், ஒவ்வொரு தடவையும் பைலைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே வந்து வரிசையில் நின்றிருப்பார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர், தன் வீட்டு பால்கனியில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பவர். எனக்கு லைசன்ஸ் வந்த அன்றைக்கு டப்பா நிறையக் குண்டு கொண்டுவந்து வைத்தார். குவாரிக்குச் சொந்தக்காரரான மராத்திக்காரர், துப்பாக்கி துடைக்கிற எண்ணெயும் துணியும் ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு கட்டிக் கொடுத்தார். இந்தக் கூட்டத்தில் எதையாவது இல்லை என்று சொல்லிவிட முடியாது. சொன்ன வாயை மூடுவதற்குள் நாலு கை நீளும்.

அந்தக் கைகள்தான் பிரச்சினை.

லைசன்ஸோடு போன முதல் ஞாயிறே, மருந்துக்குப்பியைத் திறக்கிறேன், சுபேதார் வந்து வாங்கிக்கொண்டார். "இன்னாத்துக்கும்மா நீ கஷ்டப்படுற? அண்ணன் நான் இருக்கேன்ல." மறு ஞாயிறு கோயம்புத்தூர்க்காரர். "ஏனுங்க்கா, குடுங்க, நானு கெட்டித் தர்றனுங்க." அதற்கு அடுத்த வாரம் குவாரிக்காரர், "வஹினி, தும்ஹி பஸா," அண்ணி நீங்கள் உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கே தெரியும், எனக்கே தெரியும் என்று எத்தனை வாரம் சொன்னேன்! "தெரியும்மா, உனக்குத் தெரியாதா" என்று சொல்லிக்கொண்டே கம்பியை உருவுவார் சுபேதார். இந்த விளையாட்டில் சுடுவது கடைசி ஒரு நொடி. மீதியெல்லாம் கெட்டிப்பதுதான். சாப்பாட்டை அவர்கள் மென்று என் வாயில் போட்டுவிட்டு, ருசி எப்படி என்று கேட்டார்கள்.

என் கோபத்தை நான் ஒரே ஒரு வழியில் காட்டினேன். என் கம்பியில் அரத்தால் இரண்டு கோடு போட்டேன். குழல் காலியாக இருக்கும்போது கம்பியை இறக்கினால் முதல் கோடு குழல்வாயோடு சமமாக நிற்கும். ஒரு வேட்டுக்கு உண்டான மருந்தும் குண்டும் இருந்தால் கம்பி அந்த அளவு மேலே நிற்கும்; அப்போது குழல்வாயோடு சமமாக நிற்பது இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை. யார் கெட்டித்துக் கொடுத்தாலும் கம்பியை இறக்கிக் கோட்டைப் பார்க்காமல் சுடமாட்டேன். குவாரிக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "பேக்டரி மேடம் செக் பண்றாங்க, எல்லாரும் அட்டென்ஷன்" என்பார் சுபேதார்.

இந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழக்கம் உண்டு. மருந்து கெட்டிக்கிறவனிடம் யாரும் பேசக் கூடாது. பேச்சு கொடுத்தால் கவனம் சிதறும். அப்படியும் சிதறி, மருந்து போட மறந்து வெறும் குண்டை மட்டும் தள்ளிவிடுகிற ஆள் எந்த வாரமும் உண்டு. விசையை அழுத்தினால் கேப் மட்டும் 'டப்' என்று வெடிக்கும், குண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் கம்பி நுனியில் திருகாணியை மாட்டி, ஈயத்துக்குள் திருகி, அந்தக் குண்டை வெளியே இழுக்க வேண்டும். எல்லோருக்கும் கொண்டாட்டம்தான், ஏனென்றால் வெறுங்குண்டு போட்டவர் அன்றைக்குக் குவாரி முக்கில் இருக்கும் கடையில் அத்தனை பேருக்கும் பன்னுக்குள் வடை வைத்த வடாபாவும் டீயும் வாங்கித் தர வேண்டும். சுபேதார் வாங்கித் தந்தது எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. என் கணவரும் வாங்கித் தந்திருக்கிறார். நான் மட்டும் ஒரு தடவைகூட இல்லை. கெட்டிக்கவே விடாதபோது தப்பு எங்கிருந்து வரும்?

போன மழைக்காலம் முடிந்த முதல் ஞாயிறு அது. துப்பாக்கியை என் மேசைப் பக்கத்துத் தாங்கியில் நிறுத்தினேன். கம்பெனியிலிருந்து போன். ஒரு லாட் முழுக்க அளவு தப்பிவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார்கள். சிக்னல் கிடைக்காமல் குவாரி வாசல் வரை நடந்துபோய், சூப்பர்வைசரிடம் கத்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ரெடிம்மா," என்றார் சுபேதார் தூரத்திலிருந்து. அட்டையில் புதிய இலக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ரெடி பண்ணி வெச்சுட்டனுங்க்கா," என்றார் பக்கத்து மேசையிலிருந்து கோயம்புத்தூர்க்காரர்.

இரண்டும் என் காதில் விழுந்தன. ஒன்றையே இரண்டு பேர் சொல்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த லாட் நினைப்பிலேயே இருந்தேன். துப்பாக்கியை எடுத்து, வழக்கம்போல் கம்பியை இறக்கினேன்.

இரண்டாவது கோடு குழல்வாயில் இல்லை. மேலே நின்றது. குண்டு பாதியில் சிக்கியிருக்கும் என்று லேசாகத் தட்டினேன், இறங்கவில்லை. விரலை வைத்து அளந்தேன். இரண்டு விரற்கடை. முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் எவ்வளவோ அதே அளவு.

உள்ளே இரண்டு வேட்டு இருக்கிறது. சுபேதார் ஒரு தடவை கெட்டித்துவிட்டு இலக்கு மாற்றப் போயிருக்கிறார். கெட்டித்ததா இல்லையா என்று வெளியே தெரியாது; காலியாக இருக்கிறது, அக்கா பாவம் என்று கோயம்புத்தூர்க்காரர் அதன் மேலேயே இன்னொரு தடவை கெட்டித்திருக்கிறார். அந்தக் கோட்டைப் பார்க்காமல் நான் கேப்பை மாட்டிச் சுட்டிருந்தால், என் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய குழல் பிளந்திருக்கும். கண் போயிருக்கும். ஆளே போயிருக்கலாம். இரண்டு நல்ல மனிதர்கள் எனக்காக ஆளுக்கு ஒரு உதவி செய்ததில்.

சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். சுபேதார் முகம் வெளுத்துவிட்டது. "குடும்மா, நானே எடுத்துடறேன்" என்று கை நீட்டினார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கட்டு அறுந்தது.

"கையை எடுங்கண்ணா! இந்தத் துப்பாக்கிய இனிமே யாரும் தொடாதீங்க! நான் என்ன சின்னப் பாப்பாவா? எத்தனை வாரமா சொல்றேன், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு? அவரும் கேக்கல, நீங்களும் கேக்கல. ஒருத்தர் அண்ணன், ஒருத்தர் தம்பி, ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொன்னுருப்பீங்க. அப்புறம் என் போட்டோக்கு மாலை போடவும் நீங்கதான் முன்னால வந்து நிப்பீங்க!"

கோயம்புத்தூர்க்காரர் கண் கலங்கி, "பாக்காம பண்ணிப்போட்டனுங்க்கா" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் அது பொய்.

மருந்து நனைய வாய்வழியே தண்ணீர் ஊற்றினேன். பின்பக்கத்து முளையைக் கழற்றி அதன் வழியாகவும் ஊற்றினேன். கம்பியில் திருகாணியை மாட்டித் திருகி, காலால் துப்பாக்கியின் அடிக்கட்டையை மிதித்துக்கொண்டு இழுத்தேன். முதல் குண்டு வந்தது. கருப்புச் சேறாக மருந்து வழிந்தது. மறுபடி திருகி இழுத்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. இரண்டாவது குண்டும் வந்தது. இரண்டையும் மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன்.

குழலைத் துடைத்துக் காயவைத்து எடுத்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, சுடவும் இல்லை. பத்துப் பேரும் நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கெட்டிக்க ஆரம்பித்தேன். எவனாவது ஒரு அடி முன்னால் வரட்டும் என்று ஒவ்வொரு முகமாக முறைத்துக்கொண்டே துணியை வைத்தேன், குண்டை வைத்தேன், கம்பியால் தள்ளினேன். சுடும் இடத்துக்குப் போனேன். கேப்பை மாட்டினேன். குறி பார்த்து விசையை அழுத்தினேன்.

'டப்.'

அவ்வளவுதான். புகை இல்லை, நாற்றம் இல்லை. விதிப்படி, கேப் மட்டும் வெடித்தால் ஒரு நிமிடம் இலக்கைப் பார்த்தபடியே அசையாமல் நிற்க வேண்டும். நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மருந்து போடவே இல்லை. எல்லோரையும் முறைத்த முறைப்பில் என் கோட்டை நானே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கம்பி கீழே இறங்கி நிற்பது தெரிந்திருக்கும்.

திரும்பினேன். சுபேதாரின் வலது கை தானாக எழுந்தது. அவரே இடது கையால் அதைப் பிடித்து இறக்கினார். கோயம்புத்தூர்க்காரர் தரையைப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. மூன்றாவது தடவையாக நானே திருகி, நானே இழுத்தேன். குண்டு வெளியே வந்து விழுந்த பிறகுதான் குவாரிக்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"வஹினி, ஆஜ் வடாபாவ் தும்சா," என்றார். அண்ணி, இன்றைக்கு வடாபாவ் உங்களுடையது.

யாராவது சிரித்திருந்தால் அந்தக் கம்பியாலேயே அடித்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான்தான் முதலில் சிரித்துத் தொலைத்தேன்.

முக்குக் கடையில் பதினோரு வடாபாவும் பதினோரு டீயும் சொன்னேன். சுபேதார் பழக்கதோஷத்தில் பர்ஸை எடுத்தார். ஒரு பார்வை பார்த்தேன், உள்ளே வைத்துவிட்டார். பாதி தின்றதும், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் குறை சொன்னார்.

"சட்னி பத்தலம்மா. மொளகாயும் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கான்."

"பத்தலன்னா அடுத்த வாரம் நீங்க மருந்து போட மறந்துடுங்கண்ணா," என்றேன். "ரெண்டு மொளகாயா வாங்கிக் குடுங்க."