பன்னிரண்டாம் நம்பர் மலை

அந்தப் படத்தின் கீழே மலையின் நம்பரை எழுதியவன் நான். என் மாணவிதான் எழுதினாள் என்று பொய் சொன்னவனும் நான்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், காட்டுயிர்ப் பாதுகாப்பைப் படிப்பதற்காக வகுப்பின் பெயரில் முகநூல் பக்கம் ஒன்றைத் தொடங்கினேன். பிள்ளைகள் வீட்டுப் போனில் எடுத்துவரும் மரஅணில், குருவிப் படங்களை நான் அதில் ஏற்றுவேன்.

ஒரு திங்கட்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிறுத்தையின் படத்தோடு வந்தாள். தேயிலைக்கு நடுவே பாறைமேல் படுத்திருந்தது. கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குச் சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது எடுத்தாளாம்.

“நம்பரு மட்டும் போட வேணாம் சார். ஆளுங்க போயிருவாங்க.”

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. அது தெரிந்தால் சின்னப் பிள்ளைகூட நேரே போய் நிற்கும். இடத்தைக் குறிக்காவிட்டால் அது அவதானிப்பே இல்லை என்று அவளுக்குப் பாடம் சொன்னேன். உண்மையில் வெளியூர் ஆசிரியர்களின் பாராட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் ‘பன்னிரண்டாம் நம்பர் மலை’ என்று படத்தின் கீழே எழுதி ஏற்றினேன்.

அன்று மாலையே போனும் நாய்களுமாகக் கூட்டம் மலையேறியது. வெருண்டு ஓடிய சிறுத்தை, காட்டோரத்தில் பன்றிக்கு வைத்திருந்த கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. வனஜீவராசி அதிகாரிகள் வருவதற்குள் செத்துப்போனது.

மறுநாள் பாடசாலை அதிபரின் அறையில், யார் இதைப் போட்டது என்று ஓர் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். படம் எடுத்த பிள்ளையே தெரியாமல் போட்டுவிட்டாள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் கதவருகே நின்றிருந்தாள். அவளுக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

அதிகாரி எச்சரித்துவிட்டுப் போனார். தோட்டம் விடவில்லை. “ஏய் ரிப்போட்டரு, இன்னைக்கு எத்தனாம் நம்பர் மலை?” என்று லயத்து வீடுகளின் பையன்கள் கூவினார்கள். சுருக்கு வைத்தது யார் என்று விசாரணை வந்ததும், எல்லாம் அவளால் வந்த வினை என்று பெண்கள் அவள் அம்மாவோடு பேசுவதையே விட்டார்கள். அவள் பாடசாலைக்கு வருவதை நிறுத்தினாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் காலைப் பெரட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“சாரே இப்புடின்னா புள்ளைங்க எப்புடி இருக்கும்?” என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் அம்மா சிரிக்கவில்லை. “இங்க சொல்லிட்டீங்க சார். போன்ல பாத்தவங்களுக்கு யாரு சொல்றது?”

அன்றே அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அதிகாரிக்கும் கடிதம் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து எனக்கு வந்தது ஒரு கண்டனக் கடிதம், ஒரே ஒரு தாள். அதற்குப் பயந்துதான் அவளைக் காட்டிக்கொடுத்திருந்தேன். படத்தை ஊரே பகிர்ந்திருந்தது; நான் எழுதியதைச் சிலரே படித்தார்கள்.

அவளை ஹட்டனில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். போன மாதம் அங்கே பஸ் நிலையத்தில் கண்டேன்.

“நல்லா இருக்கீங்களா சார்?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

இப்போதும் படம் எடுக்கிறாயா என்றேன்.

“இல்லைங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.