அர்த்தநாரி அண்ணன் கேட்ட வயலின்கள்

செவ்வாய்க்கிழமை காலை, சேலம் அம்மாபேட்டையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தனம் அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. "செல்வம், அண்ணன் போயிட்டாருங்க. காபி குடிச்சுட்டு உக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு," என்றார். ஷட்டரை மறுபடி இறக்கிப் பூட்டிவிட்டுக் குமாரபாளையத்துக்குப் பேருந்து ஏறினேன். சங்ககிரி தாண்டும்வரை அழுகை வந்தது. அதன்பின் சிரிப்பும் வந்துவிட்டது. அர்த்தநாரி அண்ணனை நினைத்துக்கொண்டு முழுக்க அழ யாராலும் முடியாது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் தறி ஓட்டியவர் அவர். அதில் பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்துத் தறி என்னுடையது. இருபத்து நான்கு தறிகள் ஒன்றாக அடிக்கிற இடத்தில் வாய்க்கு வேலை கிடையாது. உதட்டசைவும் விரலும்தான் பாஷை. இரண்டு விரலை விரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது என்று பொருள். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நகர்த்தினால் ஓட்டம் சரி. இந்தப் பாஷையில் நாங்கள் சொந்தக்கதை பேசியிருக்கிறோம், முதலாளி எதிரில் நிற்கும்போதே அவரைத் திட்டியும் இருக்கிறோம். தறிச் சத்தம் சட்டென்று நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க மாட்டோம். கால் தானாக வாசலைப் பார்த்து நடக்கும், அடுத்தது டீக்கடை.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கூட்டமாக எழும்பும் வயலின்கள்தான் அது. பாடுகிறவர் யாரென்று கேட்டால் தெரியாது என்பார். எத்தனை பேர் வாசித்திருப்பார்கள், அத்தனை வில்லும் எப்படி ஒரே நேரத்தில் கிளம்புகிறது என்று மட்டும் விடாமல் கேட்பார். எனக்கு எங்கே தெரியும்?

காது மந்தமாகிறது என்று ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் போய்விட்டு வந்தவர், மறுநாள் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டதாம். இனிமேல் திரும்பாதாம், மிச்சமிருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம்.

"சன்னமான சத்தந்தான் மொதல்ல போகுமாம், செல்வம். அப்படீன்னா வயலின்தானே? போறதுக்குள்ள ஒருக்கா நேர்ல கேட்டுப்போடோணும். மைக்கு கியிக்கு இல்லாம."

இது நடக்கிற காரியமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தித்தாளில் ஒரு சிறு அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆர்கெஸ்ட்ரா சென்னைக்கு வருகிறது, வெள்ளைக்காரர் காலத்து அரங்கு ஒன்றில் ஒரே ஒரு மாலை வாசிக்கிறது, ஒலிபெருக்கி கிடையாது. அண்ணன் அன்றைக்கே எங்கள் இருவருக்கும் லீவு சொல்லிவிட்டார். பட்டறை மேஸ்திரி சும்மா இருப்பாரா? செவிடன் காதில் சங்கு ஊத மெட்ராஸ் வரைக்கும் போகணுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "ஊதறவங்க நல்லா ஊதறாங்களான்னு பார்த்துட்டு வந்து சொல்றேனுங்க," என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்த அரங்கு பெரிய அழகு. உயரமான கூரை, அரைவட்டமாக இறங்கும் இருக்கைகள், கை பட்டுப் பட்டு வழுவழுத்த மரக் கைப்பிடிகள். எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் அண்ணன் மாப்பிள்ளை போல உட்கார்ந்தார். டாக்டர் கொடுத்திருந்த காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது எல்லாச் சத்தத்தையும் தகரச் சத்தமாக்குகிறதாம்.

வாசிக்கத் தொடங்கினார்கள். முரசு அதிர்ந்ததும் அண்ணனின் முகம் மலர்ந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற பெரிய தந்தி வாத்தியங்கள் உறுமியதும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு வயலின்கள் எழுந்தன. எனக்குப் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால், அண்ணன் மடியில் இரண்டு விரலை விரித்து வைத்திருந்தார். முப்பது வில்லும் ஒன்றாகப் போய் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அவர் காதுக்கு ஒன்றும் வரவில்லை.

அப்போது முதல் பகுதி முடிந்தது. இந்த இசையில் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்ச நேரம் நிசப்தமாக இருக்கும், யாரும் அசையக்கூட மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. சத்தம் சட்டென்று நின்றது. அண்ணன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பின்னாலேயே போனேன். கதவருகே நின்ற பெண் பதறிப்போய், உடம்புக்கு முடியவில்லையா என்று ரகசியமாகக் கேட்டார். அண்ணனுக்கு அது கேட்கவில்லை. தன் குரலின் அளவும் அவருக்குத் தெரியாது.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்றார், பட்டறைக் குரலில்.

அரங்கம் முழுக்கத் திரும்பியது. மேடையில் குச்சி வைத்திருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் எங்களை வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். துரத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தறி, டாக்டர், வயலின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அண்ணன் மட்டும் நிதானமாக, "தப்பாப் போச்சுங்க சாமி. மத்ததெல்லாம் கேட்டுச்சு. வயலின் மட்டும் கேக்கலீங்க," என்றார். அந்தப் பெண் துரத்தவில்லை. எங்களை அங்கேயே உட்கார வைத்தார். இடைவேளை வந்ததும் முன்வரிசை ஓரத்தில், விருந்தினர் யாரோ வராமல் காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளில் கொண்டுபோய் உட்காரவைத்தார். வயலின்காரர்களின் காலணி நாடா தெரியும் தூரம்.

மறுபடி தொடங்கினார்கள். வயலின்கள் எழுந்தபோது அண்ணன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடைக்கண்ணால் அவர் மடியைப் பார்த்தேன். உள்ளங்கை தட்டையாக முழங்கால்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டம் சரி. போனது, வந்தது, மறுபடி போனது. கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவே இல்லை. நடுவில் இசை நின்றபோது என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் நின்று சொன்னார்: "ரொம்ப சன்னமா இருந்துச்சு செல்வம். ஆனா ஒரு இழை அறுகலை."

ஊர் திரும்பியதும் நேராக மேஸ்திரியிடம் போய், நன்றாக ஊதினார்கள் என்று மறக்காமல் சொன்னார். அடுத்த இரண்டு வருடத்தில் காது முழுக்கப் போயிற்று. அதற்காக அவர் ஒரு நாளும் முடங்கிக் கிடந்ததில்லை. முதலாளியோடு மல்லுக்கட்டி, பட்டறையில் எல்லாருக்கும் காதடைப்பான் வாங்க வைத்தார். அது இல்லாமல் வந்தவர்களை வாசலிலேயே மறித்தார். மேஸ்திரியையும் ஒருநாள் திருப்பி அனுப்பினார். இன்று அந்தப் பட்டறையில் அது இல்லாமல் யாரும் தறியைத் தொடுவதில்லை. நான் அறிந்த மனிதர்களில் நினைத்ததை முடித்தவர் என்று அவரைத்தான் சொல்வேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அவர் காதருகே குனிந்து, பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது துக்கத்தால் மட்டும் இல்லை. சாப்பிட்டாச்சா என்பதைக்கூட அவரிடம் கத்தித்தானே கேட்டுக்கொண்டிருந்தோம், அந்தப் பழக்கம். என் முறை வந்தது. எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகவே சொன்னேன்.

"போயிட்டு வாங்கண்ணா."