மாமாவுக்கு மிஞ்சிய ஒரு சொல்

என் அக்காவைக் கட்டிய மாமா முடிதிருத்துகிறவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு கூட்டாளியோடு சேர்ந்து இரண்டு நாற்காலி போட்ட கடை. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன, தலைக்கு மேல வேலை" என்பார். இருபத்தாறு வருஷமாக அதே ஜோக். ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் சிரிப்பார். கத்தரிக்கோல் நின்றாலும் அவர் வாய் நிற்காது.

சர்க்கரை நோய் முப்பத்தைந்திலேயே வந்துவிட்டது. ஐம்பதில் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதையும் சமாளித்துக் கடை நடத்தினார். இரண்டு வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்தது. வலது கை துவண்டது, பேச்சு போயிற்று. சொற்களெல்லாம் உள்ளே இருக்கின்றன, வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டுவிட்டது என்றார்கள் டாக்டர்கள். ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "சரி."

பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. கோபம் வந்தால் அதையே கத்துவார்.

அதன்பின் அக்காவின் பொழுது ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கழிந்தது. சிறுநீரக டாக்டர் ஒரு கட்டடம், நரம்பு டாக்டர் இன்னொரு கட்டடம், பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காகிதங்களை ஒரு துணிப்பையில் திணித்துத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். டாக்டர்கள் யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. "தலைசுத்தல் இல்லையே?" என்று மாமாவிடம் கேட்பார்கள். "சரி" என்பார். இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். அக்கா குறுக்கிட்டு, "விழுந்துட்டாரு டாக்டர்" என்றால், "அதை அந்த டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா" என்று பதில் வரும். அந்த டாக்டர் இவரைக் கை காட்டுவார்.

ஒரே மாதத்தில் மூன்றாவது முறை விழுந்தபோது நெற்றியில் ஏழு தையல். அதற்கு மறுவாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். பல நோய்களோடு மல்லாடுகிறவர்களின் சிகிச்சையை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் அவர் வேலையாம். அன்று நானும் இருந்தேன். இன்னொரு ஆள், இன்னொரு காகிதம் என்றுதான் நினைத்தேன்.

சிஸ்டர் முதலில் பையைக் கேட்கவில்லை. மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வலி இருக்காங்கய்யா?"

"சரி."

"வலி இல்லையா?"

"சரி."

சிஸ்டர் அவருடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வாயால சொல்ல வேண்டாம். ஆமான்னா கட்டைவிரலைத் தூக்குங்க. இல்லன்னா கையை மூடிக்கோங்க" என்று இடது கையைத் தொட்டுக் காட்டினார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்டார். கட்டைவிரல் உயர்ந்தது. தினமுமா? மறுபடி உயர்ந்தது. பேச்சு போன ஐந்து மாதத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை, நாங்கள் உட்பட.

அப்புறம்தான் மாத்திரைகளை மேசையில் பரப்பச் சொன்னார். பதினாறு வகை. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்து, இரண்டை மட்டும் தனியே ஒதுக்கினார். "அம்மா, இது ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனி வேற, பேரு வேற. பிரஷருக்கு ரெண்டு டாக்டரும் தனித்தனியா எழுதியிருக்காங்க. ரெண்டையும் சேர்த்துப் போட்டுத்தான் பிரஷர் ரொம்ப இறங்கி, தலை சுத்தி விழறாரு." அங்கிருந்தே அந்த டாக்டர்களுக்குப் போன் போட்டுப் பேசி, அன்றைக்கே ஒன்றை நிறுத்த வைத்தார்.

கிளம்பும் முன் மாமாவிடம், "உங்களுக்கு என்ன வேணும்? மறுபடி என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். மாமா இடது கையின் இரு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி திறந்து திறந்து மூடினார்.

பத்து நாளில் எல்லா டாக்டர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். வர முடியாதவர் போனில் இருந்தார். அக்காவுக்கும் மேசையோடு ஒரு நாற்காலி. அரை மணி நேரம்தான். டயாலிசிஸ் காலை நேரத்துக்கு மாறியது. பேச்சுப் பயிற்சியும் கைப் பயிற்சியும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில். கைப் பயிற்சிக்கு ரப்பர் பந்தைக் கொடுக்காமல், கடையிலிருந்து அவருடைய சீப்பையே எடுத்துவரச் சொன்னார்கள். இடது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஒன்று வாங்கினோம். ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

எட்டு மாதம் பிடித்தது. நடுவில் ஒருமுறை சளிக் காய்ச்சலில் படுத்து, கற்றதில் பாதியை மறந்தார். முதலில் பொம்மைத் தலை. அப்புறம் என் தலை. வலது கை சீப்பை நடுங்கிக்கொண்டே பிடித்தது. இடது கை வெட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். மாமா என் பிடரியைத் தட்டினார்.

"கு... குனி" என்றார்.

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டேய், அவரு என்ன சொன்னாரு?"

"குனியச் சொல்றாருக்கா."

"அப்ப குனியேண்டா."

குனிந்தேன். காதுக்கு மேலே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அலுவலகத்தில் எலி கடித்ததா என்று கேட்டார்கள். ஒரு மாதம் அந்தத் தலையோடு பெருமையாகவே திரிந்தேன்.

சிறுநீரகம் திரும்பி வரவில்லை, வரவும் வராது. சொற்கள் நாற்பதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. வாரம் இரண்டு நாள் காலையில் கடையில் முடி வெட்டுகிறார். சவரம் கூட்டாளியின் பொறுப்பு. பதின்மூன்று மாதமாக ஒருமுறைகூட விழவில்லை.

போன மாதம் சிஸ்டர் வந்தபோது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சிஸ்டருக்குக் கூச்சமாகிவிட்டது. "நான் என்னம்மா பண்ணேன், நாலு பேருக்கு போன் பண்ணேன்."

"அந்த போனைத்தான் சிஸ்டர் யாருமே பண்ணல" என்றாள் அக்கா.

சிஸ்டர்தான் அக்காவையும் பரிசோதனைக்கு அனுப்பினார். அவளுக்கும் பிரஷர் ஏறியிருந்தது. வியாழக்கிழமை மதியம் மாமாவோடு இருக்க ஓர் உதவியாளரையும் ஏற்பாடு செய்தார். முதல் வியாழன், எங்கே போவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டு எடுத்துவருவதற்குள் சோபாவில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். நான் எழுப்பவில்லை; மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன்.